தொழில் என்ற கட்டம்

ஹிகுவாமோ ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது
எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.
மின்விசிறி ஒன்றுதான். அதுவும் பேரேடுகளுக்கு.
எனக்கு வியர்க்கலாம்,
காகிதத்துக்கு வியர்க்கக் கூடாது.

கரையான் தின்றது போக மீந்த பக்கங்களில்
முதலில் கியூபாக்காரர்கள்.
போருக்குத் தப்பி வந்தவர்கள்
கரும்பாலைக்கு உருளை கொண்டுவந்தார்கள்,
மட்டையும் பந்தும் கொண்டுவந்தார்கள்.
பெட்டியில் எது மேலே இருந்தது என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு ஆங்கிலத் தீவுகளின் ஆட்கள்.
எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார்:
ஃபிப்ஸ் என்று வந்தவர் பிப் ஆகிக் கரையேறினார்.
நான் அவர் வழி.
தொழில்: வெட்டுக்காரன்.
அதற்குக் கீழே வெட்டுக்காரன்.
அதற்கும் கீழே, மை மாறி, கையெழுத்து மாறி,
வெட்டுக்காரன்.
ஞாயிறுகளில் கிரிக்கெட் ஆடினார்கள் அவர்கள்.
தட்டை மட்டை மெல்ல உருண்டையாயிற்று.
மூன்று குச்சிகளும் அடுப்புக்குப் போயின.
பிள்ளைகள் நான்கு மூலை சுற்றி
வீடு வரப் பழகிக்கொண்டார்கள்.

ஆலை நிற்கும் மாதங்களுக்கு இங்கே
செத்த காலம் என்று பெயர்.
கூலி கிடையாது, கடைக்கடன் உண்டு,
புகைபோக்கிக்குள் புறா.
பேஸ்பால் வளர்ந்தது அந்தச் செத்த காலத்தில்.
முதலாளி சட்டை தைத்துக் கொடுத்தான்,
நெஞ்சில் ஆலையின் பெயர்.
கத்தியைக் கீழே போட்ட கை
அதே வீச்சில் மட்டையைச் சுழற்றியது.

அமெரிக்கக் கடற்படை வந்து
எட்டு வருடம் உட்கார்ந்துவிட்டுப் போனது.
அவர்களோடும் ஆடினார்கள்.
துப்பாக்கி வைத்திருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது.
மட்டை பிடித்து நிற்கிறவனை
மூன்று பந்தில் திருப்பி அனுப்பலாம்.
அந்த வருடப் பக்கத்திலும்
தொழில் என்ற கட்டத்தில்
வெட்டுக்காரன்தான்.

இப்போது கரும்புக்கு நடுவே வேலி போட்ட பயிற்சிக் கூடங்கள்.
உள்ளே புல்லுக்கு மூன்று வேளை தண்ணீர்,
எங்கள் குழாயில் வாரம் இருமுறை.
பையன்களைத் தேடிப் பிடிக்கும் தரகர்கள்
மோட்டார் சைக்கிளில் திரிகிறார்கள்
நிறுத்தற்கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டபடி.
பதினாறு என்றால் விலை பேசலாம்.
பத்தொன்பதா?
"கரும்பு முற்றிப்போச்சு" என்று வண்டியை உதைக்கிறார்கள்.

எவுலோகியா மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள்,
வரிசை இல்லாத நேரம் பார்த்து.
மூத்தவன் நெஃப்தாலிக்குப் பத்தொன்பது.
துடைப்பக் கட்டையால் தண்ணீர்க்குடுவை மூடியை அடித்தே
கண்ணைத் தீட்டிக்கொண்டவன்.
"அவனுக்கு வேண்டாம்," என்றாள்.
"வான்டெலுக்குச் சான்றிதழ் வேண்டும்."

வான்டெல் இளையவன்.
நாலு மாதத்தில் காய்ச்சல். குடியிருப்புக்குப் பின்னால்,
மாமரத்தடியில்.
பேருந்துக் காசு இல்லாததால்
இறப்பைப் பதிய அன்று யாரும் வரவில்லை.
"உன் புத்தகத்தில் இன்னும் இருக்கிறான், இல்லையா?"
இருந்தான்.
போன மாதம் பதினாறு முடிந்திருந்தது.

முத்திரையை மையில் ஒற்றினேன்.
நல்லது செய்தேன் என்று சொல்லவில்லை.
கை நடுங்கியது என்றும் சொல்ல மாட்டேன்.
இருபது பேசோ கட்டணம், சில்லறையாகக் கொடுத்தாள்.
வாசலில் நின்று இரண்டு முறை
மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள்: வான்டெல், வான்டெல்.
வெளியே சுவரில் சாய்ந்திருந்த பையன்
இரண்டாவது அழைப்புக்குத் திரும்பினான்.

ஆறு வருடம்.
வானொலியில் அவன் பெயர் வருகிறது,
யாரோ ஒருவனுடைய பெயர்.
பந்து வேலி தாண்டினால் தெருவே எழுந்து கத்துகிறது.
எவுலோகியா சிமெண்டு வீடு கட்டிவிட்டாள்.
மாமரத்தை மட்டும் வெட்ட விடவில்லை.

நெஃப்தாலிக்கு வாக்காளர் அட்டை வந்து
என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.
ஊரில் இல்லாதவன், ஊரை விட்டுப் போகாதவன்.
தொழில் என்ற கட்டத்தில்
யாரோ பழக்கதோஷத்தில்
வெட்டுக்காரன் என்று தட்டச்சிட்டிருக்கிறார்கள்.